வெயிலுக்கு ஒரு துறை, புகைக்கு ஒரு துறை, நடுவே நம் குடியிருப்பு

மே மாதத்து இரவு பதினோரு மணிக்கு வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைச் சிமெண்ட் ஷீட் கூரை இன்னமும் உமிழ்ந்துகொண்டிருக்கும். மின்விசிறி சுழலும், ஆனால் அது சூடான காற்றையே அறைக்குள் சுற்றி விடும். சன்னலைத் திறந்தால் குப்பைமேட்டின் நாற்றமும் சரக்கு லாரிகளின் டீசல் புகையும் உள்ளே வரும். மூடினால் மூச்சு முட்டும். திறப்பதா, மூடுவதா? அந்த வீட்டில் வாழும் பெண்ணிடம் இதற்கு விடை இல்லை. குழந்தைக்கு இளைப்பு வந்தால் மூடுகிறார்; வியர்த்து அழுதால் திறக்கிறார்.

இந்தக் கேள்வியை ஒரு மனுவாக எழுதி நாங்கள் இரண்டு அலுவலகங்களுக்கு எடுத்துச் சென்றோம். புகையைக் கவனிக்கும் அலுவலகம், வெப்பம் தன் சட்ட வரம்புக்குள் வராது என்றது. வெப்பத்தைக் கவனிக்கும் அலுவலகம், குறிப்பிட்ட நாளில் வெப்ப அலை அறிவிக்கப்படவில்லை என்றும், புகையைப் பற்றிய புகாரை உரிய வாரியத்துக்கு அனுப்புமாறும் சொன்னது. இரண்டு விடைகளும் சட்டப்படி பிழையற்றவை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நகர வெப்பமும் காற்று மாசும் இரண்டு தனித்தனிக் கேடுகள் அல்ல. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே உடலைத் தாக்குகின்றன. சட்டமோ அவற்றை இரண்டு கோப்புகளாகப் பிரித்து, இரண்டு மேசைகளில் வைத்திருக்கிறது. அந்த இரு மேசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் நகரத்துத் தலித் குடியிருப்புகள் இருக்கின்றன. சென்னையை முன்வைத்து இதை விளக்க முயல்கிறோம்.

வெப்பம் மாசை எப்படி வளர்க்கிறது?

புகைபோக்கியிலிருந்து நேரடியாக வெளிவராத ஒரு நஞ்சு நகரக் காற்றில் இருக்கிறது. அதுதான் தரைமட்ட ஓசோன். வான்வெளியின் மேலடுக்கில் இருந்து நம்மைக் காக்கும் அதே வாயு, மூச்சு விடும் உயரத்தில் இருக்கும்போது நுரையீரலை அரிக்கிறது. வாகனங்களும் அனல் மின் நிலையங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட், கரைப்பான் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் சூரிய ஒளியில் வினைபுரிந்து இது உருவாகிறது. வெயில் ஏற ஏற இந்த வினைகள் விரைவு பெறுகின்றன. அதே வெயில் பெட்ரோல் தொட்டியிலிருந்தும், சாலையின் தாரிலிருந்தும்கூட அந்த ஆவிகளைக் கூடுதலாகக் கிளப்புகிறது. மூலப்பொருளும் கூடுகிறது, சமைக்கும் நெருப்பும் கூடுகிறது. புகையின் அளவு மாறாதிருக்கும்போதும், வெப்பம் மட்டும் உயர்ந்தால் காற்றின் நஞ்சு கூடக்கூடும் என்பதே இதன் பொருள்.

குப்பைமேடு மற்றோர் எடுத்துக்காட்டு. மக்கும் குப்பை மீத்தேனை வெளியிடுகிறது. கோடையில் உலர்ந்த குப்பையும் அந்த வாயுவும் சேர்ந்தால் தீப்பிடிப்பது எளிது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பற்றி எரிந்தது; அதை அணைக்கப் பல நாட்கள் ஆயின. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் எரிந்தபோது அந்த நகரமே புகையில் மூழ்கியது. இரண்டும் கோடைத் தீ. இரண்டிலும் முதலில் புகையை விழுங்கியவர்கள் கிடங்கை ஒட்டி வாழ்ந்தவர்களும், அதில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களும், தீயணைப்புப் பணியாளர்களும்தாம்.

மாசு வெப்பத்தை எப்படி வளர்க்கிறது?

மறுதிசையிலும் இந்த உறவு வேலை செய்கிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் சில வகைகள் வெயிலைத் திருப்பியனுப்பிப் பகலில் தரையைச் சற்றுக் குளிர்விக்கும். ஆனால் டீசலும் விறகும் குப்பையும் எரிவதால் வரும் கரித்துகள் வெயிலை உறிஞ்சித் தன்னைச் சூழ்ந்த காற்றைச் சூடாக்குகிறது. மேலே சூடான காற்று, கீழே அதைவிடக் குளிர்ந்த காற்று என்று அடுக்குகள் அமைந்துவிட்டால், கீழ்க்காற்று மேலெழுந்து கலைவதில்லை. பானைக்கு மூடி போட்டதுபோல் மாசு தரைமட்டத்திலேயே தேங்கும். இரவில், தரையிலிருந்து வானுக்குத் திரும்ப வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியை இந்தப் புகைப்படலம் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கான்கிரீட்டும் தாரும் பகலில் சேமித்த வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால் நகரம் ஏற்கெனவே சுற்றுவட்டாரக் கிராமங்களைவிடச் சூடாக இருக்கிறது. புகைமூட்டம் அந்தச் சூட்டின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்துகிறது.

மூன்றாவது இணைப்பு மின்சாரம். வெப்பம் கூடினால் குளிர்சாதனங்கள் கூடுகின்றன. ஒவ்வொரு குளிர்சாதனமும் ஓர் அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டும் பொறி. அதை இயக்க மின்சாரம் வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு அதுவரையில்லாத உச்சத்தை எட்டியது. அது கத்திரி வெயில் தொடங்கும் வேளை. அந்த மின்சாரம் முழுவதும் எண்ணூரிலிருந்து வந்ததன்று. எனினும் சென்னைக்கு மிக அருகிலுள்ள பெரிய நிலக்கரி நிலையங்களான வடசென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையமும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியே நிற்கின்றன. நகரின் ஒரு பகுதியில் அறை குளிர்கிறது. மற்றொரு பகுதியில் சாம்பல் விழுகிறது.

அந்தப் புகைபோக்கிகளிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. வெயிலும் ஈரப்பதமும் இந்த மாற்றத்துக்குத் துணைபுரிகின்றன. நிலக்கரி நிலையங்கள் இந்த வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2015 டிசம்பரில் விதி செய்து, இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. அவகாசம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலக்கரி நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 இறுதி வரை காலம் தரப்பட்டது. பத்து ஆண்டுகளாக ஒரு விதி நடைமுறைக்கு வராமல் இருப்பதைத் தாமதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதுவும் ஒரு கொள்கைதான்.

உடல் இரண்டையும் கூட்டியே கணக்கிடுகிறது

சூடு கூடினால் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. இதயம் கடுமையாக உழைக்கிறது. வியர்வையில் நீர் இழக்கப்படுகிறது. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றன. இரண்டும் ஒரே இதயத்தின் மீது விழும் சுமைகள். உழைக்கும் உடல் வேகமாக மூச்சு விடுவதால், அதே காற்றிலிருந்து அதிக நஞ்சை உள்ளிழுக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2014 முதல் 2019 வரை நிகழ்ந்த சுமார் 15 லட்சம் மரணங்களை ஆய்ந்த ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. கடும் வெப்ப நாட்களில் இறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியது. நுண்துகள் மிகுந்த நாட்களில் 5 விழுக்காடு கூடியது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தபோது கூடியது 11 அன்று. ஏறத்தாழ 21 விழுக்காடு. குளிர்சாதனமும் மருத்துவக் காப்பீடும் பரவலாக உள்ள ஒரு மாநிலத்தின் கணக்கு இது.

நமக்குச் சொல்லப்படும் அறிவுரைகளைப் பாருங்கள். இரவில் சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்கிறது வெப்பக் கால அறிவுரை. சன்னல்களை மூடி வையுங்கள் என்கிறது காற்று மாசு அறிவுரை. நண்பகலைத் தவிர்த்து அதிகாலையிலேயே வேலையை முடியுங்கள் என்கிறது ஒன்று. ஆனால் இரவெல்லாம் தேங்கிய மாசு கலையாமல் தரையோடு கிடப்பது அதிகாலையில்தான். முகக்கவசம் அணியுங்கள் என்கிறது மற்றொன்று. 38 டிகிரியில் அதை அணிந்து தெருக்கூட்டிப் பார்த்தவருக்கு அதன் பொருள் தெரியும். இரு அறிவுரைகளையும் ஒருசேரப் பின்பற்றக்கூடியவர், மூடிய அறையைக் குளிர்விக்க வசதியுள்ளவர் மட்டுமே.

அந்த இடத்தில் நாம் இருப்பது தற்செயலன்று

பழைய ஊர் அமைப்பில் சேரி எங்கே இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஊரிலிருந்து தள்ளி, பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில், சுடுகாட்டை ஒட்டி. சேரியைத் தொட்ட காற்று ஊருக்குள் வீசக் கூடாது என்று திசை பார்த்து ஒதுக்கிய கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நகரம் இந்தத் திசைக்கணக்கைக் கலைக்கும் என்று நம்பித்தான் நம் முன்னோர் ஊரை விட்டு வந்தார்கள். கிராமத்தைச் சாதியின் கோட்டையாகக் கண்ட அம்பேத்கரின் அரசியலில் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்தது.

வடசென்னைக்கு வந்தவர்கள் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் பஞ்சாலைகளிலும் வேலை செய்தார்கள். வேலைக்கு அருகே குடிசை போட்டார்கள். 1921 இல் பின்னி ஆலைகளின் வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் அந்தக் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆலைப் புகைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நகரத்தின் நல்ல காற்றுக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை. பின்னர் அதே வடபகுதியில் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலைகளும், அனல் மின் நிலையங்களும், கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மணலித் தொழிற்பகுதியை மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009 இல் வகைப்படுத்தியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர மக்களில் பட்டியல் சாதியினர் 12.6 விழுக்காடு, குடிசைப் பகுதி மக்களில் 20.4 விழுக்காடு. குடிசைப் பகுதியில் வாழும் அனைவரும் தலித்துகள் அல்லர். எண்ணூரின் மீனவர்களும், வடசென்னையின் இசுலாமியரும், வெளிமாநிலத் தொழிலாளரும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்கள் நம் தோழமைக்குரியவர்கள். ஆனால் நகர வரைபடத்தில் தொழில், நிலம், குப்பை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் தொடர்ந்து நாம் இருப்பதைச் சாதியைப் பேசாமல் விளக்க இயலாது.

இனி, அகற்றப்பட்டவர்களைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்களாக நெருக்கி நிற்கின்றன. 400 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டில், மேல்மாடியில், பகலின் வெயிலைத் தாங்கிய மொட்டைமாடிக்கு நேர்க்கீழே ஒரு குடும்பம் உறங்குகிறது. பிழைப்போ பழைய இடத்தில். எனவே நாள்தோறும் நெரிசல் சாலைகளில் நெடுந்தூரப் பயணம். பெருங்குடிக் கிடங்கு தென்சென்னையில் இருப்பதையும் மறக்க வேண்டாம். வடக்கிலிருந்து தெற்கே போனாலும் குப்பைமேடு பின்தொடர்கிறது.

இங்கே அறிவியல் சார்ந்த ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாகன நெரிசல் மிக்க சாலையில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், நகர நடுவில் ஓசோன் குறைவாகவும், காற்று செல்லும் திசையில் விளிம்புப் பகுதிகளில் அதிகமாகவும் பதிவாவதுண்டு. ஆகவே நகர நடுவிலுள்ள கருவி காட்டும் அளவை வைத்து விளிம்பிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளும் பாதுகாப்பானவை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அங்கேயே அளக்க வேண்டும்.

புழுதியை அளக்கும் திட்டம், புழுதியைக் கூட்டும் கை

கழிவுநீர்க் குழாய்களையும் மலக்குழிகளையும் தூய்மைப்படுத்துவோரை ஒன்றிய அரசே கணக்கெடுத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர் என்பது அதன் முடிவு. தெருக்கூட்டும் பணியின் சாதி முகம் எது என்பதை அறியச் சென்னையில் எந்தத் தெருவிலும் காலை 6 மணிக்கு நின்று பார்த்தால் போதும்.

2019 இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் தேர்ச்சி பி.எம். 10 என்னும் பெரிய துகளைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. அதனால் நகரங்கள் புழுதியைத் துரத்துகின்றன. திட்டச் செலவில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்கும், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானது தொழிற்சாலை மாசுக்கும் போயிருப்பதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024 இல் கணக்கிட்டது. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் பி.எம். 2.5 மதிப்பீட்டில் இல்லை. வெயிலில் உருவாகும் ஓசோனும் இல்லை. புழுதியை அடக்கும் அந்தப் பணத்தில், வெயிலில் நின்று அதைக் கூட்டும் தொழிலாளிக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வறையும் எவ்வளவு வந்தன என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் நாட்கணக்கில் நடைபாதையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் போராட்டம் ஊதியத்தையும் பணி நிலைப்பையும் பற்றியது. ஆனால் வெப்பமும் மாசும் அதிலிருந்து விலகி நிற்பவை அல்ல. நிரந்தரப் பணியாளர் மருத்துவ விடுப்பு எடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி மயங்கி விழுந்தால் அன்றைய கூலியை இழக்கிறார். கடும் வெயில் நாளில் வேலைக்குப் போகாமல் இருக்கும் உரிமை, பணிப் பாதுகாப்பு உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும் உரிமை.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, பணி அறைக்குள் தாங்கத்தக்க வெப்பநிலையும் காற்றோட்டமும் இருக்க வேண்டும் என்றது. அறை என்ற ஒன்றே இல்லாத தெருக்கூட்டுபவருக்கு அந்தப் பிரிவு பொருந்தவில்லை. அதன் இடத்தில் இப்போது வந்துள்ள 2020 ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வெப்பநிலை பற்றிய நெறிகளை அரசு வகுக்கும் விதிகளுக்கே விட்டுவிட்டது.

சட்டம் எங்கே பிளக்கிறது?

முதலில் வெப்பம். கடலோர நிலையங்களில் வெப்ப அலை அறிவிக்க, பகல் உச்சம் குறைந்தது 37 டிகிரியாகவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். மே மாதச் சென்னையின் இயல்பான உச்சமே 37 டிகிரியை ஒட்டியது. ஆகவே ஏறத்தாழ 41 டிகிரியைத் தாண்டினால்தான் இது வெப்ப அலை. ஈரப்பதத்தில் 38 டிகிரி என்ன செய்யும் என்பதை இந்தக் கணக்கு அறியாது. இரவைப் பற்றிய விதி இன்னும் வியப்புக்குரியது. பகல் உச்சம் 40 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே ஓர் இரவை வெப்ப இரவாகக் கருதலாம். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் பார்த்த இரவு, பெரும்பாலான நாட்களில் அரசின் பார்வையில் நிகழவே இல்லை. செய்திகளில் நாம் கேட்கும் சென்னையின் வெப்பநிலையும் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளக்கப்படுவது. சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே அன்று.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வழிசெய்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்பதை யார் எழுதுவது? தெருவில் சுருண்டு விழுந்த தொழிலாளியின் சான்றிதழில் மாரடைப்பு என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அந்த இதயத்தை நிறுத்தியது வெயிலா, புகையா, இரண்டுமா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லாதவரை இழப்பீடு காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்தது காற்று. 1981 காற்றுச் சட்டம் மாசு என்பதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்று வரையறுக்கிறது. 1987 திருத்தத்தில் இரைச்சலும் சேர்ந்தது. வெப்பம் இல்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிய விதிகளில் வெப்பத்துக்கு இடம் உண்டு. அனல் மின் நிலையம் கடலிலோ கழிமுகத்திலோ விடும் குளிர்விப்பு நீர் எத்தனை டிகிரி சூடாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. மீனுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைதான். அதை எவரும் குறை கூறவில்லை. கரையில் நின்று வேலை செய்யும் மனிதருக்கு அத்தகைய வரம்பு ஏன் இல்லை என்பதே கேள்வி.

2015 இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீடும் உதவவில்லை. எட்டு மாசுகளில் எது மோசமோ அதன் மதிப்பை மட்டும் அது காட்டும்; கூட்டுச் சுமையைக் காட்டாது. வெப்பத்துடன் சேரும்போது என்ன ஆகும் என்பது அதன் எல்லைக்கே அப்பாற்பட்டது.

வெயில் எல்லோருக்கும் பொதுவா?

இந்த வாதத்தை நீதிமன்றத்திலும் கல்லூரியிலும் நாம் எதிர்கொள்வோம். சூரியனுக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மை. ஆனால் கூரைக்கு, மரத்துக்கு, தெருவின் அகலத்துக்கு, வேலை நேரத்துக்கு, குப்பைக்கிடங்கின் முகவரிக்குச் சாதி தெரியும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு, பட்டியல் சாதியினரின் அக்கம்பக்கத்தில் கழிவைக் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அவமதிக்கும், துன்புறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. நகராட்சி லாரிக்கு அத்தகைய நோக்கம் இருந்ததென்று மெய்ப்பிக்க முடியாது. எனவே குற்றவியல் வழியைவிட அரசமைப்பு வழி நமக்கு அகலமானது. 2021 இல் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாட்டை ஏற்றது. நோக்கம் எதுவாயினும், விளைவு ஒரு பிரிவினர் மீது மிகுதியாக விழுந்தால் அது பாகுபாடே. 2024 மார்ச்சில் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை 14, 21 ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் கூறியது. 1991 இல் சுபாஷ் குமார் வழக்கு மாசற்ற நீரையும் காற்றையும் வாழ்வுரிமையில் சேர்த்தது. இந்த மூன்றையும் ஒரே மனுவில் கோத்தால், வெப்பமும் மாசும் சேர்ந்த சுமை சாதிவாரியாக விழுவதை ஒரே உரிமை மீறலாக வாதிட முடியும்.

இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் என்பதற்குள் நீர், காற்று, நிலம் ஆகியவற்றுக்கும் மனிதர்களுக்கும் இடையிலுள்ள உறவையும் சேர்த்தே வரையறுக்கிறது. பிரித்துப் பார்க்காதே என்று சட்டமே சொல்லியிருக்கிறது. பிரித்துப் பார்ப்பது நிர்வாகத்தின் பழக்கம்.

நாம் கேட்க வேண்டியவை

குறியீடு ஒன்று வேண்டும். வெப்பம், ஈரப்பதம், நுண்துகள், ஓசோன் நான்கையும் சேர்த்து, இரவையும் கணக்கில் கொண்டு, வட்டார அளவில் எச்சரிக்கை வழங்கப்பட வேண்டும். வெப்ப இரவுக்கான 40 டிகிரி நிபந்தனை கடலோர நகரங்களுக்கு நீக்கப்பட வேண்டும்.

அளவீடு நம் இடத்தில் நடக்க வேண்டும். பெரும்பாக்கத்தின் மேல்மாடியிலும் கொடுங்கையூரின் குடியிருப்புத் தெருவிலும் காற்றையும் வெப்பத்தையும் ஒருசேர அளக்கும் கருவிகள் அமைக்கப்பட வேண்டும். அந்தத் தரவு தமிழில், தெருவில், பலகையில் இருக்க வேண்டும்.

தூய்மைப் பணியாளருக்கு ஊதியத்துடன் கூடிய வெப்ப ஓய்வு, நிழல், குடிநீர், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை ஆகியவை ஒப்பந்தத்தின் கட்டாய விதிகளாக வேண்டும். நேரடிப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு இதில் கூடாது.

மாநகராட்சியின் கூரைக் குளிர்விப்புத் திட்டங்களும் மர நடவும் பூங்காக்களிலிருந்தும் பெருஞ்சாலைகளிலிருந்தும் தொடங்கக் கூடாது. சிமெண்ட் ஷீட் வீடுகளிலிருந்தும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளிலிருந்தும் தொடங்க வேண்டும். நிலக்கரி நிலையங்களுக்குத் தரப்பட்ட விலக்குகள் திரும்பப் பெறப்பட வேண்டும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளை ஏற்கெனவே நஞ்சேறிய வடசென்னையின் மேல் ஏற்றக் கூடாது.

பணம் இல்லை என்ற விடை வரும். 1980 இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விடையை ஏற்கவில்லை. திறந்த சாக்கடைக்கு எதிராகச் சாதாரணக் குடிமக்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவின் கீழ் ஒரு மாஜிஸ்திரேட்டை நாடியதில் பிறந்த வழக்கு அது. அந்தப் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பெரிய வழக்கறிஞரோ பெருஞ்செலவோ தேவையில்லை.

கல்லூரி மாணவர்களிடம் நாம் கேட்பது எளிய வேலை. ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு. உங்கள் தெருவில் பத்து வீடுகளில், பகல் இரண்டு மணிக்கும் இரவு பதினோரு மணிக்கும் அறைக்குள் என்ன வெப்பநிலை என்று ஒரு மாதம் எழுதுங்கள். அருகிலுள்ள மாசுக் கண்காணிப்பு நிலையத்தின் அதே நேர அளவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வீட்டில் அன்று யாருக்கு இளைப்பு வந்தது, யார் வேலைக்குப் போகவில்லை என்பதை மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள். அரசின் எந்தத் துறையிடமும் இந்த மூன்று கட்டங்களும் ஒரே தாளில் இல்லை. உங்கள் தாளில் இருந்தால் அது சாட்சியம். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் மீண்டும் அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் போவோம். இம்முறை இரண்டையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து.